டேட்டா என்ட்ரி ஃபார்மில் செட்டிங் மாறிப்போனால் எங்கே தேடுவது?

நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய ஃபார்மைக் காலையில் திறந்தால் பழைய ரெக்கார்ட் ஒன்றுகூடக் காணோம், வெறும் காலிக் கட்டங்கள். அல்லது நேர் எதிராக, புதிதாக எழுதுவதற்கு மட்டும் என்று அமைத்து வைத்த ஃபார்ம் பழைய ரெக்கார்டையெல்லாம் திறந்து காட்டுகிறது, யாரோ கவனிக்காமல் முதல் ரெக்கார்டின் மேலேயே புது விவரத்தைத் தட்டிவிட்டார்கள். ப்ராப்பர்ட்டி ஷீட்டைத் திறந்து சரிசெய்து சேமிக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே நிலை. டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் மனம் தளர்ந்துபோவது இந்த இடத்தில்தான். தப்பு எங்கே என்று தெரியாததைவிட, சரிசெய்தது நிலைக்கவில்லை என்பதுதான் ஆளை அதிகமாக வாட்டும்.

நான் இங்கே எழுதுவது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸை வைத்து, 2007க்குப் பிறகு வந்த பதிப்புகளை மனதில் கொண்டு. லிப்ரே ஆஃபீஸ் பேஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் கொஞ்சம் மாறும், ஆனால் தேடும் முறை இதேதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஃபார்ம் எப்படி நடக்க வேண்டும் என்பதை மூன்று இடங்கள் முடிவு செய்ய முடியும். ஃபார்முக்குள்ளே சேமித்து வைத்திருக்கும் ப்ராப்பர்ட்டி ஒன்று. அந்த ஃபார்மைத் திறக்கும் பட்டனோ மேக்ரோவோ (வரிசையாக அடுக்கி வைத்த கட்டளைகள்) இரண்டாவது. திறந்த பிறகு அதற்குள் ஓடும் கோட் மூன்றாவது. இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் செல்லும். நாம் எப்போதும் முதல் இடத்தை மட்டும் திருத்திவிட்டு, மற்ற இரண்டும் அதை மீறிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் 'தானாக மாறுகிறது' என்று தோன்றுகிறது. யார் மாற்றுகிறார்கள் என்று தெரியும்வரை ப்ராப்பர்ட்டி ஷீட்டில் கை வைக்காதீர்கள், கை வைத்தால் தடயம் அழிந்துபோகும்.

தொடங்கும் முன்

ஃபைலை ஒரு காப்பி எடுங்கள். சும்மா பெயருக்கு இல்லை, உண்மையாகவே எடுத்து, தேதி போட்ட பெயரில் வேறு ஃபோல்டரில் வையுங்கள். தேடும் வேலையெல்லாம் அந்தக் காப்பியில்தான். டேபிள்கள் தனி ஃபைலில் இருந்து லிங்க் ஆகி வருகின்றன என்றால் அந்த ஃபைலையும் சேர்த்துக் காப்பி எடுத்து, லிங்கை அதற்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனைக்குத் தட்டும் ரெக்கார்டெல்லாம் நிஜ டேட்டாவில் போய் உட்கார்ந்துவிடும்.

நடப்பது என்ன என்று சரியாகச் சொல்லிப் பாருங்கள்

'ஃபார்ம் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் தேட முடியாது. நான்கு ப்ராப்பர்ட்டிகளைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிசைன் வியூவில், அதாவது ஃபார்மின் அமைப்பை மாற்றும் பார்வையில், ஃபார்மைத் திறந்து எஃப்4 அழுத்தினால் ப்ராப்பர்ட்டி ஷீட் வரும், மேலே உள்ள பட்டியலில் 'ஃபார்ம்' என்று இருக்க வேண்டும், அதில் 'டேட்டா' என்ற தாவலில் நான்கும் இருக்கும்.

அலவ் எடிட்ஸ் என்பது இருக்கும் ரெக்கார்டைத் திருத்தலாமா என்பது. அலவ் டெலிஷன்ஸ் அழிக்கலாமா என்பது. அலவ் அடிஷன்ஸ் புதிய ரெக்கார்ட் சேர்க்கலாமா என்பது. நான்காவதாக உள்ள டேட்டா என்ட்ரிதான் எல்லோரையும் குழப்புவது. பெயரைப் பார்த்தால் 'டேட்டா சேர்க்க அனுமதி' போலத் தெரியும், ஆனால் அது அனுமதியைப் பற்றியதே இல்லை. அதை 'யெஸ்' என்று வைத்தால் பழைய ரெக்கார்டுகளைக் காட்டாமல் காலி ரெக்கார்டில் திறக்கும், அவ்வளவுதான். அதுவும் அலவ் அடிஷன்ஸ் 'யெஸ்' ஆக இருந்தால்தான் வேலை செய்யும். புதிதாக வருகிறவர்கள் டேட்டா சேர்க்க வேண்டுமே என்று நல்ல எண்ணத்தில் டேட்டா என்ட்ரியை 'யெஸ்' ஆக்கிவிட்டு, ஐயோ எல்லா டேட்டாவும் போய்விட்டதே என்று பதறுவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். எதுவும் போயிருக்காது. டேபிளை நேராகத் திறந்து பாருங்கள், எல்லாம் அங்கேயே இருக்கும். ஃபார்மில் ரெக்கார்ட் காணோம் என்றால் முதலில் டேபிளைத் திறந்து பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், பயம் பாதி குறைந்துவிடும்.

இன்னொரு காட்சியும் ஆளைப் பதற வைக்கும். ஃபார்மில் கட்டங்கள், லேபிள்கள் எதுவுமே இல்லாமல் நடுப்பகுதி முழுக்க வெறுமையாக நிற்கும். காட்ட ரெக்கார்டும் இல்லை, புதிதாகச் சேர்க்கவும் அனுமதி இல்லை என்றால் ஆக்சஸ் இப்படித்தான் நடுப்பகுதியை முழுதாக வெறுமையாக்கிவிடும். ஃபார்ம் கெட்டுப்போகவில்லை. அலவ் அடிஷன்ஸ் 'நோ' ஆகியிருக்கிறதா, அல்லது ஃபார்முக்குப் பின்னால் இருக்கும் குவெரியிலேயே (டேபிளில் இருந்து வேண்டிய டேட்டாவை எடுத்துத் தருவது) எழுத முடியாத நிலையா என்று பாருங்கள்.

ஆக, ஒரு தாளில் எழுதுங்கள்: பழையது தெரிகிறதா, பழையதைத் திருத்த முடிகிறதா, புதியது சேர்க்க முடிகிறதா, எல்லா ரெக்கார்டிலும் இப்படியா அல்லது சிலவற்றில் மட்டுமா, எல்லாக் கம்ப்யூட்டரிலும் இப்படியா, ஃபார்ம் திறந்தவுடனேயே இப்படியா அல்லது கொஞ்ச நேரம் வேலை செய்த பிறகா. கடைசி இரண்டு கேள்விக்கான பதில்தான் உங்களை நேராக இடத்துக்குக் கொண்டுபோகும்.

வேறு வாசல் வழியாகத் திறந்து பாருங்கள்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் நிறையப் பேர் செய்வதில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே டேட்டாபேஸ் ஃபைலைத் திறங்கள். அப்படித் திறந்தால் ஆட்டோஎக்ஸெக் என்ற மேக்ரோவும் தொடக்க அமைப்புகளும் ஓடாது (சில டேட்டாபேஸ்களில் இந்த வழியை அடைத்து வைத்திருப்பார்கள், அப்போது அமைத்தவரிடம்தான் கேட்க வேண்டும்). பிறகு இடப்பக்க நேவிகேஷன் பேனில் அந்த ஃபார்மை இரட்டை க்ளிக் செய்து நேராகத் திறங்கள்.

நேராகத் திறந்தால் ஒழுங்காக இருக்கிறது, மெனுவில் உள்ள பட்டன் வழியாகப் போனால்தான் கெடுகிறது என்றால், குற்றவாளி பட்டன். நேராகத் திறந்தாலும் கெட்டே இருக்கிறது என்றால், ஃபார்முக்குள் சேமித்த ப்ராப்பர்ட்டியோ அதன் சொந்தக் கோடோ. இவ்வளவு எளிதாக மூன்றில் ஒன்றைக் கழித்துவிடலாம்.

பட்டன்தான் என்று தெரிந்தால், அந்தப் பட்டன் இருக்கும் ஃபார்மை டிசைன் வியூவில் திறந்து, பட்டனின் 'ஆன் க்ளிக்' நிகழ்வில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேக்ரோவாக இருந்தால் 'ஓப்பன் ஃபார்ம்' என்ற கட்டளையும் அதன் கீழே 'டேட்டா மோட்' என்று ஒரு வரியும் இருக்கும். அதில் மூன்று தேர்வுகள்: ஆட், எடிட், ரீட் ஒன்லி. 'ஆட்' என்று இருந்தால் ஃபார்மில் நீங்கள் என்ன அமைத்திருந்தாலும் காலியாகத்தான் திறக்கும். 'ரீட் ஒன்லி' என்றால் பார்க்க மட்டும். அந்த வரியைக் காலியாக விட்டால்தான் ஃபார்மின் சொந்த ப்ராப்பர்ட்டிக்கு மதிப்பு. ஃபார்மில் பத்துத் தடவை சரிசெய்தும் நிலைக்கவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

வி.பி.ஏ. (ஆக்சஸுக்குள் கோட் எழுதும் மொழி) கோடாக இருந்தாலும் இதே கதைதான். ஓப்பன்ஃபார்ம் கட்டளைக்கு அடுத்தடுத்துக் காற்புள்ளி போட்டு மதிப்புகள் வரும்: ஃபார்ம் பெயர், வியூ, ஃபில்டர் பெயர், வேர் (Where) நிபந்தனை, அதாவது எந்த ரெக்கார்ட் வேண்டும் என்பது, ஐந்தாவதாக டேட்டா மோட். காற்புள்ளிகளை விரல் வைத்து எண்ணுங்கள். ஐந்தாவது இடத்தில் ஒன்றும் இல்லை என்றால் ஃபார்மின் ப்ராப்பர்ட்டியே எடுபடும். பழைய ஸ்விட்ச்போர்ட் மெனு வைத்திருப்பவர்கள், அங்கே 'ஓப்பன் ஃபார்ம் இன் ஆட் மோட்' என்றும் 'எடிட் மோட்' என்றும் இரண்டு தனிக் கட்டளைகள் உண்டு என்பதைக் கவனியுங்கள். மெனு அமைத்தவர் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

ஃபில்டரும் வரிசையும் ஒட்டிக்கொள்ளும்

சில ரெக்கார்ட் மட்டும் காணோம், அல்லது நேற்றைய வரிசை இன்று வேறாக இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். ஃபார்மின் அடிப்பகுதியில், ரெக்கார்ட் எண் காட்டும் பட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சொல் இருக்கும். 'ஃபில்டர்டு' என்று இருந்தால் இப்போது ஒரு ஃபில்டர் வேலை செய்துகொண்டிருக்கிறது. 'அன்ஃபில்டர்டு' என்றால் ஃபில்டர் சேமித்து இருக்கிறது, இப்போது அணைந்து கிடக்கிறது. 'நோ ஃபில்டர்' என்றால் எதுவும் இல்லை.

ஒருவர் வேலைக்காக ஒரு ஃபில்டர் போட்டுவிட்டு மூடினால், அந்த நிபந்தனை ஃபார்மின் 'ஃபில்டர்' ப்ராப்பர்ட்டியில் தங்கிவிடக்கூடும். அடுத்த முறை திறக்கும்போது அது தானாக ஓடுமா இல்லையா என்பதை 'ஃபில்டர் ஆன் லோட்' முடிவு செய்கிறது. அதேபோல வரிசைக்கு 'ஆர்டர் பை', 'ஆர்டர் பை ஆன் லோட்'. புதிதாக உருவாக்கும் ஃபார்மில் வழக்கமாக ஃபில்டர் ஆன் லோட் 'நோ' என்றும், ஆர்டர் பை ஆன் லோட் 'யெஸ்' என்றும் இருக்கும். அதனால்தான் யாரோ ஒரு பத்தியைத் தலைகீழாக வரிசைப்படுத்திவிட்டுப் போனால் அது மட்டும் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய குழப்பம் செய்யும், கொஞ்சம் நின்று பார்ப்போம். நிறையப் பேர் 'மூடு' பட்டனுக்கு எழுதும் கோடில், க்ளோஸ் கட்டளையின் கடைசியில் 'ஏசி சேவ் யெஸ்' என்று போட்டு வைப்பார்கள், தட்டிய டேட்டா சேமிக்கப்பட வேண்டுமே என்ற அக்கறையில். ஆனால் அந்தச் சேவ் டேட்டாவுக்கு இல்லை, ஃபார்மின் அமைப்புக்கு. டேட்டா எப்படியும் மூடும்போது சேமிக்கப்படும். 'சேவ் யெஸ்' போட்டால் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டர், வரிசை, டேட்டாஷீட்டில் இழுத்து மாற்றிய பத்தி அகலம் எல்லாம் ஃபார்மோடு ஒட்டிக்கொள்ளும். ஓப்பன்ஃபார்ம் கட்டளையில் வேர் நிபந்தனை கொடுத்துத் திறந்திருந்தால் அதுவும் ஃபில்டராகவே போய் உட்காரும். ஃபில்டர் ப்ராப்பர்ட்டியில் நீங்கள் எழுதவே எழுதாத, 'ஐடி சமம் 25' மாதிரியான ஒரு நிபந்தனையைப் பார்த்தால், அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். எழுதியது யாரும் இல்லை, 25ஆம் ரெக்கார்டைத் திறந்து மூடியவர் ஒருவர், அவ்வளவே.

சரிசெய்வது எளிது. ஃபில்டர், ஆர்டர் பை இரண்டையும் காலியாக்குங்கள், க்ளோஸ் கட்டளையில் 'ஏசி சேவ் நோ' என்று மாற்றுங்கள். டேட்டாவை உறுதியாகச் சேமிக்க வேண்டும் என்றால் மூடுவதற்கு முந்திய வரியில் ஃபார்மின் 'டர்ட்டி' ப்ராப்பர்ட்டியை ஃபால்ஸ் ஆக்குங்கள், ரெக்கார்ட் சேமிக்கப்பட்டுவிடும். இரண்டும் வேறு வேறு வேலை என்பது ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

டேட்டா என்ட்ரி முறையில் திறந்த ஃபார்மில் ஃபில்டரை நீக்கும் கட்டளையை யாராவது அழுத்தினாலும் பழைய ரெக்கார்டெல்லாம் வெளியே வந்துவிடும். 'காலையில் காலியாக இருந்தது, மதியம் எல்லாம் தெரிகிறது' என்று ஒருவர் சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். பழையதைப் பார்க்கவே கூடாது என்று மறைப்பதற்கு டேட்டா என்ட்ரி ப்ராப்பர்ட்டியை நம்பக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மாறினால், கோட்

திறந்தவுடன் ஒழுங்கு, நாலைந்து ரெக்கார்ட் நகர்ந்த பிறகு பூட்டிக்கொள்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். ஆல்ட்டும் எஃப்11உம் சேர்த்து அழுத்தினால் கோட் ஜன்னல் வரும். அங்கே கண்ட்ரோல் எஃப் அழுத்தி, தேடும் எல்லையை 'கரன்ட் ப்ராஜெக்ட்' என்று வைத்து, அலவ்எடிட்ஸ் என்று இடைவெளி இல்லாமல் தேடுங்கள். அடுத்து அலவ்அடிஷன்ஸ், டேட்டாஎன்ட்ரி, லாக்டு, எனேபிள்டு. கிடைக்கும் ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தேடல் கோடுக்குள் மட்டும்தான், மேக்ரோக்களுக்குள் போகாது, அவற்றைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

ஃபார்ம் திறக்கும்போது நிகழ்வுகள் ஒரு வரிசையில் ஓடும்: ஓப்பன், லோட், ரீசைஸ், ஆக்டிவேட், கரன்ட். இதில் கரன்ட் மட்டும் ஒரு ரெக்கார்டில் இருந்து இன்னொன்றுக்கு நகரும் ஒவ்வொரு தடவையும் மறுபடி ஓடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் ஃபார்ம் என்றால் முதல் சந்தேகம் கரன்ட் மேல்தான்.

நானே ஒருமுறை இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். முடிந்துபோன ஆர்டரை யாரும் திருத்தக் கூடாது என்பதற்காகக் கரன்ட் நிகழ்வில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: நிலை 'முடிந்தது' என்று இருந்தால், அலவ் எடிட்ஸை ஃபால்ஸ் ஆக்கு. பார்க்க ஒரு குறையும் இல்லை. முடிந்த ஆர்டர் ஒன்றில் போய் நின்றால் பூட்டிக்கொண்டது, சரி. ஆனால் அடுத்த ரெக்கார்டுக்குப் போனால், அது முடியாத ஆர்டர்தான், அங்கேயும் எழுத முடியவில்லை. ஏன் என்றால், பூட்டச் சொன்ன கோட் திறக்கச் சொல்லவே இல்லை. 'இல்லாவிட்டால் ட்ரூ ஆக்கு' என்ற எல்ஸ் பகுதி அங்கே இல்லை. ஃபார்மை மூடித் திறந்தால் மறுபடி ஒழுங்காகிவிடும், எனவே எல்லோரும் மூடித் திறந்து, மூடித் திறந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், எனக்கு வந்து சேர்ந்த புகார் 'சில நேரம் பூட்டிக்கொள்கிறது' என்பது மட்டும்தான். முடிந்த ரெக்கார்டைத் தொட்ட பிறகுதான் பூட்டுகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கவனித்துச் சொன்ன பிறகே பிடிபட்டது. அன்றில் இருந்து ஒரு ப்ராப்பர்ட்டியை ஃபால்ஸ் ஆக்கும் வரியைக் கண்டால், அதை ட்ரூ ஆக்கும் வரி எங்கே என்று தேடிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

இப்போது இந்த நிமிடத்தில் ஃபார்ம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கவும் வழி இருக்கிறது. பிரச்சினை நடக்கும் நேரத்தில் ஃபார்மைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கண்ட்ரோல் ஜி அழுத்துங்கள், இம்மீடியட் ஜன்னல் வரும். அதில் ஒரு கேள்விக்குறி, அடுத்து ஃபார்ம்ஸ், ஆச்சரியக்குறி, உங்கள் ஃபார்மின் பெயர், புள்ளி, அலவ்எடிட்ஸ் என்று தட்டி என்டர் கொடுத்தால் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று பதில் சொல்லும். பெயரில் இடைவெளி இருந்தால் சதுர அடைப்புக்குள் போடுங்கள். ப்ராப்பர்ட்டி ஷீட்டில் 'யெஸ்' என்றும் இங்கே ஃபால்ஸ் என்றும் வந்தால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தேடுவதற்கு வைத்திருக்கும் காம்போ பாக்ஸ் (பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் கட்டம்) திடீரென்று வேலை செய்யவில்லை என்றாலும் இதையே கேட்டுப் பாருங்கள். அலவ் எடிட்ஸ் 'நோ' ஆகிவிட்டால், எந்த ஃபீல்டோடும் இணைக்காத அந்தத் தேடல் காம்போவில்கூட எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. டேட்டாவைத்தானே பூட்டினோம், இதை எதற்குப் பூட்டுகிறது என்று தோன்றும். அது அப்படித்தான். தேடல் காம்போ வேண்டும் என்றால் அலவ் எடிட்ஸைத் தொடாமல், ஃபீல்டோடு இணைந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக 'லாக்டு' போடுவதுதான் வழி.

மூடாமல் மறைத்த ஃபார்ம்

கோடில் விசிபிள் ஃபால்ஸ் என்று போட்டு ஃபார்மை மறைத்து வைப்பார்கள். அடுத்து ஓப்பன்ஃபார்ம் சொன்னால் அது புதிதாகத் திறப்பதில்லை, மறைந்திருந்ததே முன்னால் வரும். ஓப்பன், லோட் நிகழ்வுகள் மறுபடி ஓடாது, போன தடவை கோட் மாற்றி வைத்த ப்ராப்பர்ட்டியெல்லாம் அப்படியே இருக்கும். ஆக்சஸை முழுதாக மூடித் திறந்தால் மட்டும் சரியாகிறது என்றால் இதையும் ஒரு பார்வை பாருங்கள்.

தானாக நிரம்பும் மதிப்புகள்

புதிய ரெக்கார்டில் நீங்கள் வைக்காத ஒரு மதிப்பு வந்து நிற்கிறது என்றால், கட்டத்தின் 'டிஃபால்ட் வேல்யூ' ப்ராப்பர்ட்டியைப் பாருங்கள், டேபிளின் ஃபீல்டிலும் பாருங்கள், அப்புறம் அந்தக் கட்டத்தின் 'ஆஃப்டர் அப்டேட்' நிகழ்வில் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தட்டிய மதிப்பை அடுத்த ரெக்கார்டுக்கும் கொண்டுபோக அங்கே டிஃபால்ட் வேல்யூவை மாற்றி எழுதுவது வழக்கம். ஃபார்மை மூடினால் அது போய்விடும், அதனால்தான் வந்தும் போயும் விளையாட்டு காட்டும்.

இதில் தேதி வந்தால் விசித்திரமாக இருக்கும். 12/5/2024 என்ற தேதியைக் கோட் அப்படியே டிஃபால்ட் வேல்யூவில் போட்டுவிட்டது என்று வையுங்கள். தேதியைச் சுற்றி இரு பக்கமும் ஹாஷ் குறி (#) இல்லை என்றால் ஆக்சஸ் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளும்: 12 வகுத்தல் 5 வகுத்தல் 2024. விடை 0.001186 அளவுக்கு ஒரு சின்னப் பின்னம். ஆக்சஸுக்குத் தேதி என்பது 30-12-1899இல் இருந்து எண்ணும் நாள் கணக்கு, எனவே இந்தப் பின்னம் அந்தப் பூஜ்ஜிய நாளின் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு நிமிடம் 42 நொடி. தேதி மட்டும் காட்டும் ஃபார்மேட் இருந்தால் 30-12-1899 என்று வரும், பொதுவான ஃபார்மேட் இருந்தால் தேதியே இல்லாமல் 12:01:42 என்று வெறும் நேரமாக நிற்கும். 1899 என்ற ஆண்டை ஃபார்மில் எங்கே கண்டாலும் ஹாஷ் குறி விட்டுப்போன இடத்தை முதலில் தேடுங்கள். எழுத்து ஃபீல்டுக்கு இதேபோல மேற்கோள்குறி விட்டுப்போனால் ஹாஷ் நேம் என்று ஒரு பிழை காட்டும்.

செட்டிங்கே மாறாமல் மாறியதுபோல் தெரிவது

நான்கு ப்ராப்பர்ட்டியும் சரி, பட்டனும் சரி, கோடும் சரி, ஆனாலும் தட்ட முடியவில்லை. கீழே உள்ள நிலைப்பட்டையில், இந்த ரெக்கார்ட்செட்டைப் புதுப்பிக்க முடியாது என்ற செய்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிரச்சினை ஃபார்முக்குக் கீழே. யாரோ பின்னால் இருக்கும் குவெரியில் டோட்டல்ஸ் (கூட்டுத்தொகை) சேர்த்திருக்கலாம், யூனிக் வேல்யூஸ் (ஒரே மாதிரி வருவதை ஒருமுறை மட்டும் காட்டுவது) போட்டிருக்கலாம், யூனியன் (இரண்டு குவெரியை ஒன்றாக அடுக்குவது) ஆக்கியிருக்கலாம். மூன்றிலுமே எழுத முடியாது. குவெரியைத் தனியாகத் திறந்து ஒரு கட்டத்தில் தட்டிப் பாருங்கள், அங்கேயும் முடியவில்லை என்றால் ஃபார்மைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபார்மின் 'ரெக்கார்ட்செட் டைப்' ஸ்னாப்ஷாட் என்று இருந்தாலும் பார்க்க மட்டும்தான். ஓ.டி.பி.சி. (வேறு டேட்டாபேஸோடு இணைக்கும் பாலம்) வழியாக சர்வரில் இருந்து லிங்க் செய்த டேபிளுக்குப் ப்ரைமரி கீயோ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்ட்) தனித்துவமான இண்டெக்ஸோ இல்லை என்றாலும் அதே நிலைதான். லிப்ரே ஆஃபீஸ் பேஸிலும் ப்ரைமரி கீ இல்லாத டேபிளில் எழுத முடியாது.

ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இப்படி என்றால் இரண்டு விஷயம். ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் அந்த ஆளுக்கு எழுதும் உரிமை வேண்டும், ஃபைலில் மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் ஆக்சஸ் பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைலை உருவாக்க வேண்டும். இரண்டாவது, திறக்கும்போது மேலே மஞ்சள் பட்டையில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து, அவர் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அப்போது கோட் ஓடாது, கோட் செய்ய வேண்டிய பூட்டும் திறப்பும் எதுவும் நடக்காது. பூட்டியிருக்க வேண்டிய ஃபார்ம் திறந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022இல் இருந்து இணையத்தில் இருந்தோ மின்னஞ்சலிலோ வந்த ஃபைல்களில் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் வழக்கமாகவே தடுத்துவிடுகிறது, அப்படி வந்தால் பட்டை சிவப்பாக இருக்கும். ஃபைலை வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' கொடுக்க வேண்டும், அதுவும் ஃபைல் எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். நிரந்தரமாக வேண்டும் என்றால் அந்த ஃபோல்டரை நம்பகமான இடமாகச் சேர்த்துவிடுங்கள்.

மறுபடி மாறாமல் வைக்க

பலர் ஒரே ஃபைலைப் பகிர்ந்த ஃபோல்டரில் இருந்து நேராகத் திறக்கிறார்கள் என்றால் மேலே சொன்னது எதுவும் நிலைக்காது. ஒருவர் போட்ட ஃபில்டர் எல்லோருக்கும் போகும். டேபிள்களைத் தனி ஃபைலாகப் பிரித்துப் பொது இடத்தில் வையுங்கள், ஃபார்ம்கள் உள்ள ஃபைலை ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனிக் காப்பியாகக் கொடுங்கள். ஆக்சஸிலேயே இதைப் பிரித்துக் கொடுக்கும் கருவி இருக்கிறது.

பயன்படுத்துகிறவர்கள் கை தவறி அமைப்பை மாற்றாமல் இருக்க, ஆப்ஷன்ஸில் 'கரன்ட் டேட்டாபேஸ்' பகுதியில் 'எனேபிள் லேஅவுட் வியூ' குறியை எடுத்துவிடுங்கள். அதைவிட உறுதி வேண்டும் என்றால் ஏ.சி.சி.டி.இ. ஃபைலாக மாற்றிக் கொடுங்கள், அதில் ஃபார்மை டிசைன் வியூவில் திறக்கவே முடியாது. ஆனால் மூல ஏ.சி.சி.டி.பி. ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏ.சி.சி.டி.இ.யில் இருந்து திரும்ப எடுக்க வழியில்லை. அதே பகுதியில் உள்ள 'நேம் ஆட்டோகரெக்ட்' குறிகளையும் நான் எடுத்துவிடுவேன். ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் அது ஃபார்மிலும் குவெரியிலும் பேசாமல் மாற்றி வைக்கும், சில இடத்தில் மாற்றும் சில இடத்தில் விட்டுவிடும், அப்புறம் தேடுவது நம் தலையில்.

நீங்களே டிசைன் மாற்றும்போதும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபார்மில் இருந்து அப்படியே டிசைன் வியூவுக்குத் தாவிச் சேமிக்காதீர்கள், அந்த நேரத்து ஃபில்டரும் கூடவே வந்துவிடும். மூடிவிட்டு, நேவிகேஷன் பேனில் வலது க்ளிக் செய்து நேராக டிசைன் வியூவில் திறங்கள்.

கடைசியாக, எது மாறியது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் நன்றாக இருந்த பழைய காப்பி ஒன்று கையில் இருக்கிறது என்றால், இம்மீடியட் ஜன்னலில் சேவ்ஆஸ்டெக்ஸ்ட் கட்டளை கொடுத்து இரண்டு காப்பியில் இருந்தும் அந்த ஃபார்மை டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ப்ராப்பர்ட்டிகள் எழுத்தாகவே வந்துவிடும், மாறிய வரி கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

சரிசெய்த பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தெந்தப் பட்டன் வழியாக அந்த ஃபார்முக்கு வர முடியுமோ அத்தனை வழியாகவும் வாருங்கள், ஒரு ஃபில்டர் போட்டு மூடித் திறங்கள், பூட்டும் ரெக்கார்ட் ஒன்றில் நின்றுவிட்டுப் பூட்டாத ரெக்கார்டுக்கு நகர்ந்து தட்டிப் பாருங்கள், பிறகு புகார் சொன்னவரின் கம்ப்யூட்டரிலேயே, அவருடைய லாகினிலேயே, அவர் கையாலேயே ஒரு ரெக்கார்ட் தட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.